அஞ்சடி ஓடு: லினோ கட்டையிலிருந்து இணையப் பக்கம் வரை

பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியின் தரையில் பதித்திருக்கும் பூ ஓடுகளை, லினோலியத் தகட்டில் செதுக்கி எடுக்கும் லினோ அச்சாக மாற்றி, சொந்த இணையத்தளத்தில் ஏற்றிய வேலையின் குறிப்பு இது. ஐந்து ஓடு, ஓட்டுக்கு இரண்டு நிறம், ஆகப் பத்துக் கட்டை. ஒவ்வோர் ஓட்டிலும் 12 பிரதி.

அச்சை ஒரு வேலையாகவும் தளத்தை வேறொரு வேலையாகவும் பிரித்து வைத்தால் இரண்டுமே கெடும். தாளை வெட்டும்போதே ஸ்கேனர் கண்ணாடியின் அகலம் நினைவில் இருக்க வேண்டும். மை கலக்கும்போதே, ஜேபெக் கோப்பு சிவப்பு நிறத்தை என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் உளியைத் தொடுமுன் செய்தது ஓட்டுக்கு எண் கொடுத்தது. 2501 என்றால் 2025-ன் முதல் ஓடு. 2501-07 என்றால் அதன் ஏழாம் பிரதி. கட்டையின் முதுகு, தாளின் பின்புறம், ஸ்கேன் கோப்பு, பக்கத்தின் முகவரி, பெட்டியில் ஒட்டும் சீட்டு, எல்லாவற்றிலும் அதே எண்தான். தலைப்பு மாறலாம், எண் மாறக்கூடாது.

ஓட்டைப் படம் எடுப்பது

இவை சூளையில் சுட்ட ஓடுகள் அல்ல, சிமெண்டு ஓடுகள். உலோகத் தடுப்புகள் வைத்த அச்சில் நிறச் சாந்தை அறை அறையாக ஊற்றி, தடுப்பை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டுக் கலவை போட்டு இயந்திரத்தில் அழுத்துவார்கள். நிறம் மேற்பூச்சு அன்று. சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும். அதனால்தான் பல தலைமுறை நடந்து தேய்ந்த பிறகும் பூ அழியாமல் நிற்கிறது. தடுப்பு வைத்துப் பிரித்த நிறம் என்பதால் ஓரங்கள் கூராக இருக்கும், ஒரு நிறம் இன்னொன்றில் கரையாது. லினோவுக்கு இதைவிடப் பொருத்தமான மூலம் கிடைப்பது அரிது. சுவரில் பதிக்கும் பளபளப்பான பீங்கான் ஓடுகள் வேறு வகை. அவற்றில் புடைப்பும் நிழலும் உண்டு, தட்டையான அச்சில் அவை உயிர் இழந்துவிடும்.

அஞ்சடி மக்கள் நடக்கும் வழி என்றாலும் கடைக்காரரின் இடம். கேட்டுவிட்டு எடுப்பதே முறை. மார்க்கெட் ஸ்திரீட், கிங் ஸ்திரீட் பக்கம் சாமான்களை வெளியே அடுக்குவதற்கு முன், காலை எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் தரை காலியாக இருக்கும். வெயில் நேராக விழாத அந்த நிழல் வெளிச்சமே போதும். ஃபிளாஷ் வேண்டாம். தரை கழுவி ஈரமாக இருந்தால் நிறம் உண்மையைவிட ஆழமாகத் தெரியும். காயும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

போனை நெஞ்சு உயரத்தில், தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அகல லென்ஸ் ஓரங்களைப் பீப்பாய்போல் வளைக்கும். இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தால் கோடு நேராக நிற்கும். படத்துக்குள் 15 செ.மீ. அடிக்கோல் ஒன்றும் சாம்பல் நிற அட்டை ஒன்றும் கிடக்கட்டும். அடிக்கோல் அளவுக்கு, அட்டை நிறத்துக்கு. ஓர் ஓட்டை மட்டும் எடுக்காமல் நான்கு ஓடு சேரும் இடத்தை எடுக்க வேண்டும். காரணம், பெரும்பாலான வடிவங்களில் ஓர் ஓடு முழுப் பூ அன்று, கால் பூ. ஒரே ஓட்டை 90 பாகை திருப்பித் திருப்பி நான்கைப் பதித்தால்தான் நடுவில் பூ மலரும். கோலம் போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: ஓரத்தில் கோடு எங்கே முடிகிறதோ, அடுத்தது அங்கேதான் தொடங்க வேண்டும்.

இந்த ஓடுகள் பெரும்பாலும் 20 செ.மீ. சதுரம். கட்டை 10 செ.மீ., அதாவது சரிபாதி அளவு. ஒரு கட்டை ஓர் ஓடு. நான்கு முறை திருப்பி அச்சடித்தால் 20 செ.மீ. சதுரப் படம். இந்த அளவைத் தேர்ந்ததற்கு ஸ்கேனரும் ஒரு காரணம்: ஏ4 ஸ்கேனர் கண்ணாடியின் அகலம் சுமார் 21.6 செ.மீ. படம் 20 செ.மீ. என்றால் ஒரே இழுப்பில் அடங்கிவிடும், இரண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டிய வேலை இல்லை. ஒட்டுப்போட்ட ஸ்கேனில் நடுக்கோடு எத்தனை திருத்தினாலும் ஏதோ ஒரு திரையில் காட்டிக்கொடுக்கும்.

கட்டை

3.2 மி.மீ. சாம்பல் நிற லினோலியம். மென்மையான வினைல் தாளைவிட இதுவே மேல். வினைல் வெட்டச் சுலபம், ஆனால் அச்செடுக்கக் கரண்டியால் அழுத்தும்போது நசுங்கி, மெல்லிய கோடு தடித்துவிடும். லினோ கெட்டியாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் போதும், உளி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

சதுரம் வெட்டும்போதுதான் முதல் தவறு நடந்தது. முதல் கட்டை ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நான்கு முறை திருப்பியதும் சேரும் இடமெல்லாம் ஒரு முனையில் அரை மி.மீ. வெள்ளைக் கோடு, மறுமுனையில் ஒன்றுமில்லை. ஆப்பு வடிவத்தில் விழும் அந்தக் கோடு பூவையே கோணலாக்கிவிடும். ஆகவே மூலைமட்டம் வைத்து, எஃகு அடிக்கோலை அசையாமல் பிடித்து, கத்தியை நிமிர்த்தி நான்கைந்து மென்மையான இழுப்பில் வெட்ட வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டினால் கத்தி உள்ளே சாயும்.

இடைவெளியே கூடாது என்று கட்டையைப் பெரிதாக வெட்டுவதும் சரியன்று. இரண்டு அச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கருப்பாகக் கோடு விழும், அது வெள்ளைக் கோட்டைவிட அசிங்கம். தரையிலேயே ஓடுகளுக்கு நடுவே பூச்சுக் கோடு உண்டு. அதனால் கட்டை 9.95 செ.மீ.க்கு வெட்டப்பட்டது, நான்கும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் சீரான கோடு. பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டுத் தரையாகவே தெரிகிறது.

வடிவத்தை லேசர் பிரிண்டரில் சரியான அளவுக்கு எடுத்து, கார்பன் தாள் வைத்து மாற்ற வேண்டும். அச்சு இடவலம் மாற்றிக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் குறுக்குக் கோட்டில் மடித்தால் ஒத்துப்போகும் பூவுக்கு அது ஒன்றும் செய்யாது. காற்றாடிபோல் சுழலும் பூவில்தான் வம்பு: தரையில் வலம் சுற்றுவது தாளில் இடம் சுற்றும். 2503 அப்படிப்பட்டது. பிரிண்டர் அமைப்பில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டு எடுத்தால் தீர்ந்தது.

உளி மூன்று போதும். ஓரக் கோட்டுக்கு 1 மி.மீ. வி-உளி, வெளியை எடுக்க 3 மி.மீ., 6 மி.மீ. யு-உளி. கோட்டை விட்டு வெளிப்பக்கம் சரிவாக வெட்ட வேண்டும். கோட்டுக்கு அடியில் குடைந்துவிட்டால் பத்தாவது பிரதியில் அந்தக் கோடு உடைந்து விழும். ஆழம் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ. லினோவின் முதுகிலுள்ள சணல் துணி தெரியும் அளவுக்கு இறங்கினால் கட்டை சுருண்டுவிடும்.

திரும்புவது தாள், கட்டை அன்று

நான்கு முறை அச்சடிக்கக் கட்டையைத் தூக்கித் தூக்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை விலகும். அதற்குப் பதில் கட்டையை ஓரிடத்தில் ஒட்டிவிட்டுத் தாளைத் திருப்புவதுதான் இந்த வேலையின் உயிர்.

40 செ.மீ. சதுர ஒட்டுப்பலகை, 6 மி.மீ. கனம். அதில் 30 செ.மீ. சதுரம் வரைந்து, இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் 5 மி.மீ. உயரச் சட்டம் அடித்து ஒரு மூலை உண்டாக்க வேண்டும். தாள் இந்த மூலையில் வந்து முட்டும். மூலையிலிருந்து இரு பக்கமும் 5 செ.மீ. தள்ளித் தொடங்கி 15 செ.மீ. வரை கட்டையின் இடம். அதாவது கட்டையின் ஒரு மூலை தாளின் நட்டநடுவில் உட்காரும், சுற்றிலும் 5 செ.மீ. வெற்று ஓரம் கிடைக்கும். கட்டை இரட்டைப்பக்க ஒட்டுநாடாவில் நிற்கிறது. மிச்ச இடம் முழுவதும் 3 மி.மீ. அட்டையால் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் தாள் கட்டையின் விளிம்பில் மடங்கி, சுற்றிலும் மை அப்பிய கறுப்பு வரம்பு விழும்.

தாளை முகம் கீழாக வைத்து, தேய்த்து, எடுத்து, கட்டைக்கு மை பூசி, தாளை 90 பாகை திருப்பி மறுபடி மூலையில் முட்டவைக்க வேண்டும். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் தாளின் வேறொரு விளிம்பு சட்டத்தில் முட்டுவதால் தாள் சரியான சதுரமாக இருந்தே ஆக வேண்டும். குறுக்களவு இரண்டும் 42.4 செ.மீ. வர வேண்டும். இரண்டுக்கும் அரை மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தத் தாளைச் சோதனைக்கு ஒதுக்கிவிடலாம். கையால் செய்த கோசோ என்ற ஜப்பானிய மல்பெரி நார்த் தாளின் பிசிறு விளிம்பு அழகுதான். ஆனால் பிசிறு சட்டத்தில் முட்டாது, அதை வெட்டியே தீர வேண்டும்.

இந்த முறையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் திருப்பில் முதல் அச்சின் ஈர மை பக்கத்து அட்டைமேல் குப்புறப் படும். மூன்றாம் திருப்பில் அந்தக் கறை வேறிடத்தில் ஒட்டும். முதல் நான்கு தாள் இப்படித்தான் போயிற்று. கேக் செய்யப் போடும் சிலிகான் தாளை அட்டைமேல் விரித்து, ஒவ்வொரு பிரதிக்கும் துடைத்துவிட்டால் கறை நிற்கும். மையை மெல்லிசாகப் பூசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மையும் காற்றும்

எண்ணெய் மைதான். நீர் மை மின்விசிறிக் காற்றில் மை பூசும் உருளையிலேயே காய்ந்து, மெல்லிய தாளைச் சுருக்கும். நிறம் இரண்டு: மஞ்சள் காவி, செங்காவி. ஓட்டிலேயே இருப்பவை இரும்பு ஆக்சைடு நிறங்கள் என்பதால் காவி நிறம் மூலத்தோடு ஒட்டிப்போகிறது. மஞ்சளில் மூன்றில் ஒரு பங்கு நிறமற்ற நீட்டிப்பு மை கலந்தால் தாளின் வெளிச்சம் அதன் வழியே வரும். செங்காவியில் ஊசிமுனையளவு கறுப்பு, தேய்ந்த தரைக்குரிய அடக்கம் வருவதற்கு.

உருளை ஓடும் ஓசையைக் கேட்டே அளவு தெரிந்துகொள்ளலாம். சூடான கல்லில் மாவு விழுந்ததும் வரும் மெல்லிய ‘சுர்ர்’ சரியான அளவு. ‘சப்புச் சப்பு’ என்று ஒட்டி விலகினால் மை அதிகம், நுண்கோடுகள் அடைந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் மை இளகி ஓடும். அப்போது மெக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துத் தட்டுக் கத்தியால் பிசைய வேண்டும். கத்தியைத் தூக்கினால் மை வால்போல் தொங்காமல் சட்டென அறுந்து விழ வேண்டும், அதுதான் பதம்.

தாள் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) கோசோ. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாளில் கையால் தேய்த்து எடுப்பது வீண் வேலை; அதன் சொரசொரப்பு அச்சில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கரண்டிக்கும் தாளுக்கும் இடையே ஒரு சிலிகான் தாள் வைத்துத் தேய்த்தால் நார் எழும்பாது. மரக்கரண்டியின் முதுகால், நடுவிலிருந்து வெளியே, சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளுத்த இடம் இருந்தால் மறுபடி படியவைத்துத் தேய்க்கலாம்; தாள் மூலையை விட்டு நகராதவரை ஒன்றும் ஆகாது.

மஞ்சளை நான்கு திருப்பும் முடித்து, ஐந்து நாள் கழித்து அதே குழியில் செங்காவிக் கட்டையை ஒட்டினால் சரி. மூன்றாம் நாளே அவசரப்பட்டு அடித்ததில் செங்காவிக் கட்டை மஞ்சளை உரித்து எடுத்துக்கொண்டது. எண்ணெய் மை உலர்வது தண்ணீர் ஆவியாவதால் அன்று, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால். ஆகவே தாளை அடுக்கி வைத்தால் உலராது. கயிற்றில் கிளிப் மாட்டி, தாளுக்குத் தாள் இடம் விட்டுத் தொங்கவிட வேண்டும், காற்று ஓட வேண்டும். தாளில் ஈரம் ஏறியிருந்தால் உலர்வது இன்னும் இழுக்கும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஐந்து நாள் என்பது பத்தாகும்.

கழுவும்போது கவனம். சமையல் எண்ணெய் மையை நன்றாகக் கரைக்கும், மண்ணெண்ணெய் நாற்றமும் இல்லை. ஆனால் இங்கே வீட்டில் இருப்பது செம்பனை எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகும், இது இறுகாது. கட்டையின் பள்ளத்தில் ஒரு படலம் தங்கிவிட்டால் அடுத்த முறை பூசும் மை அந்த இடத்தில் உலரவே உலராது. எண்ணெயால் துடைத்த கையோடு பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, பிறகு உலர்ந்த துணி. சணல் முதுகை நனைக்கக்கூடாது.

ஸ்கேன்

கடைசி நிறம் அடித்து ஒரு வாரம் போன பிறகே கண்ணாடிமேல் வைக்கலாம். விரல் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி அழுத்திப் பார்த்தால், துணியில் நிறம் ஏறக்கூடாது.

தாள் 30 செ.மீ., கண்ணாடியைச் சுற்றி விளிம்புச் சட்டம் இருக்கும். ஓரம் சட்டத்தின்மேல் ஏறி, படத்தின் விளிம்பு கண்ணாடியிலிருந்து அரை மில்லிமீட்டர் எழும்பும். இப்போது கடைகளில் விற்கும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவற்றின் குவியம் கண்ணாடியை ஒட்டியே இருக்கும், தாள் சற்றே எழும்பினாலும் மங்கும். பழைய, கனத்த சிசிடி வகைக்கு அந்த ஆழம் உண்டு. பழைய சாமான் கடையில் ஓடும் நிலையில் ஒன்று கிடைத்தால் விடக்கூடாது. சிஐஎஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் மூடியைத் திறந்துவிட்டு, தாளின்மேல் 20 செ.மீ. சதுர அட்டை, அதன்மேல் இரண்டு கனமான புத்தகம். அழுத்தம் படத்தின்மேல் மட்டும் விழுவதால் ஓரம் வளைந்துகொள்ளும், படம் தட்டையாக நிற்கும்.

கறுப்பு அட்டையைப் பின்னால் வைக்கச் சொல்லும் அறிவுரை அச்சடித்த புத்தகத் தாளுக்கானது, பின்பக்க எழுத்து தெரியாமல் இருக்க. கோசோவில் பின்பக்கம் ஒன்றுமில்லை. கறுப்பு வைத்தால் தாள் சாம்பல் பூத்துவிடும். அதே தாளில் நான்கு வெற்றுத் துண்டு பின்னால் வைத்ததும் நிறம் கையில் இருப்பதுபோலவே வந்தது.

600 டிபிஐ, தானியங்கி நிறத் திருத்தம் அணைத்து, கூர்மையாக்கல் அணைத்து, புள்ளி நீக்கும் வசதியையும் அணைத்து, டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். 20 செ.மீ. அப்போது 4,724 பிக்சல். 48 பிட் நிறத்தில் கோப்பு சுமார் 134 எம்பி, 24 பிட்டில் 67 எம்பி. மூலக் கோப்புக்கு 48 பிட்டே நல்லது. நிறத்தை நகர்த்தும்போது மஞ்சள் பட்டை பட்டையாகப் பிரியாது. இந்த மூலத்தைத் திருத்தக்கூடாது. திருத்துவதெல்லாம் நகலில்.

நிறம் சரிசெய்யும்போது தாளை வெளுத்துவிடும் ஆசை வரும். வெள்ளையை முழு அளவான 255க்கு ஏற்றினால் கோசோவின் இளமஞ்சள் போய், ஏதோ கணினியில் வரைந்த படம்போல் ஆகும். தாளின் வெற்றிடம் சிவப்பு, பச்சை, நீலம் முறையே ஏறக்குறைய 243, 238, 226 என்று இருக்கும்படி விட்டது சரியாக வந்தது. பகல் வெளிச்சத்தில் அச்சைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

சிவப்புக்கு வரும் கேடு

முதலில் ஏற்றிய 2501 போனில் மசமசத்தது. செங்காவிக் கோட்டின் ஓரமெல்லாம் துணியில் மை ஊறியதுபோல் இருந்தது. ஸ்கேனரில் குற்றமில்லை, மூலக் கோப்பு கத்திபோல் இருந்தது. காரணம் ஜேபெக் சுருக்கம். கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரியும் அளவுக்கு நிற வேறுபாடு தெரியாது என்பதால், ஜேபெக் வழக்கமாக வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தை நீளம், அகலம் இரண்டிலும் பாதி அளவிலும் சேமிக்கும். மென்பொருளில் அது 4:2:0 என்று குறிக்கப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கு அதனால் கேடில்லை. சிவப்புக்கோட்டில் தகவலின் பெரும்பகுதி நிறத்தில்தான் இருக்கிறது, அதனால் அங்கேதான் குலையும். சேமிக்கும்போது நிறத்தையும் முழு அளவில் வைக்கும் 4:4:4 தேர்ந்து, தரம் 85 வைத்ததும் கோடு திரும்பி வந்தது. கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்தது, அது கொடுக்கத்தக்க விலை. வெப்பி வகை சிறிய கோப்பு தரும் என்று எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் இழப்புச் சுருக்கத்தில் வெப்பிக்கு 4:2:0 தவிர வேறு வழியில்லை. பசுமையான நீர்வண்ணப் படத்துக்கு வெப்பி நன்று, காவி லினோவுக்கு ஜேபெக்.

ஒவ்வொரு படமும் 480, 800, 1200, 1600 பிக்சல் அகலத்தில் நான்கு நகல். இன்றைய போன் திரை அகலம் மூன்று மடங்கு அடர்த்தியில் ஏறக்குறைய 1,200 பிக்சல், ஆகவே 1200 நகல்தான் அதிகம் உழைக்கும். சிறிதாக்கிய பிறகே லேசாகக் கூர்மையாக்க வேண்டும், ஆரம் 0.5, அளவு 60 முதல் 80 சதவீதம். பெரிய படத்தில் கூர்மையாக்கிச் சிறிதாக்கினால் உளித்தடங்கள் மினுமினுக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்குப் பொதுவான நிற விவரம் கோப்பில் இருக்க வேண்டும். போனில் எடுத்த தரைப் படங்களையும் ஏற்றுவதானால் இடக்குறிப்பை நீக்கிவிட வேண்டும். கடைக்காரரின் வாசலுக்கு வரைபடம் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பக்கம்

தரவுத்தளம் இல்லாத சாதாரணப் பக்கங்கள். ஓட்டுக்கு ஒரு பக்கம், ஆண்டுக்கு ஒரு கோப்புறை. படக் குறியில் அகலமும் உயரமும் எழுதிவிட்டால், படம் இறங்கும்போது எழுத்து கீழே குதிக்காது. கீழே இருக்கும் படங்களுக்குத் தாமத ஏற்றம் (திரையை நெருங்கும்போதே இறங்குவது) போடலாம், முதல் படத்துக்குப் போடக்கூடாது.

கோப்புக்கும் முகவரிக்கும் தமிழ்ப்பெயர் வைக்கும் ஆசை இயல்பானது. முயன்று பார்த்ததில் இரண்டு இடையூறு. ஒன்று நீளம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். ‘அஞ்சடி’ என்பதில் புள்ளியும் கொக்கியும் சேர்த்து ஆறு குறி, ஆக 54 எழுத்து சதவீதக் குறியும் எண்ணுமாக வாட்சாப்பில் போய் விழுகிறது. இரண்டாவது இன்னும் பொல்லாதது. ‘கோ’ என்ற எழுத்தை ஒரே ஓகாரக் குறியாலும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறியாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. வீட்டுக் கணினியில் ஒரு வகையாகவும் சேவையகத்தில் மற்றொரு வகையாகவும் பதிவானால் படம் காணவில்லை என்று வரும், எத்தனை முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் தவறு தெரியாது. கோப்புக்கு எண் மட்டும் வைத்தது இதனால்தான். தமிழ் முழுவதும் தலைப்பிலும் உள்ளேயும் இருக்கட்டும், அங்கேதான் மனிதர்கள் படிக்கிறார்கள்.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், வரி இடைவெளி 1.7. ஆங்கிலத்துக்குப் போதும் 1.4 நமக்குப் போதாது. மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘றீ’யும் இடித்துக்கொள்ளும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி சேர்க்கும் அமைப்பைத் தொடவே கூடாது. இருபக்கமும் சமமாக நிரப்புவதும் வேண்டாம், நம் நீண்ட சொற்களால் வரிக்குள் ஓட்டை ஓட்டையாக வெளி விழும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிப்பது அவசியம், பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

பார்வையற்றவருக்கான படவிளக்கத்தில் ‘லினோ அச்சு’ என்று இரண்டு சொல் எழுதி முடிப்பது ஏமாற்று. 2501-க்கு எழுதியது இது: ‘நான்கு ஓடு சேர்ந்த சதுரம். நடுவில் எட்டிதழ்ப் பூ, செங்காவி. இதழிடையே மஞ்சள் காவி. நான்கு மூலையிலும் கால் வட்டம்.’ அச்சின் கீழே அளவு, தாள், மை, கட்டை எண்ணிக்கை, பிரதி எண்ணிக்கை, எந்தச் சாலையின் அஞ்சடி என்ற குறிப்பு. தரையில் இருப்பது பழைய ஓடா, பழுதுபார்ப்பில் புதிதாகப் பதித்ததா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்ததால் அதையும் எழுத வேண்டும். 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. பழையதையும் புதியதையும் கலந்து சொல்லிவிட்டால் பிறகு தேடுகிறவர் வழி தவறுவார்.

இணைப்பைப் பகிரும்போது வரும் முன்னோட்டப் படம் அகலமானது, சதுர அச்சின் தலையும் காலும் வெட்டுப்படும். 1200க்கு 630 அளவில் தாளின் நிறத்தையே பின்னணியாக வைத்து, நடுவில் 560 பிக்சல் அச்சை வைத்துத் தனிக் கோப்பு செய்ய வேண்டும், 300 கேபிக்குள். ஏற்றியதும் வீட்டு வைஃபையை அணைத்து, போன் தரவில் திறந்து பார்க்க வேண்டும். கணினியில் சேமித்து வைத்த பழைய நகல் நம்மை ஏமாற்றும். ‘புதியவை’ பக்கத்தில் தேதியோடு ஒரு வரி, தளத்தைப் பின்தொடர்பவர்களுக்குப் போகும் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒரு வரி. பழைய முகவரிகளை எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது.

தாளைப் பத்திரப்படுத்துவது

ஸ்கேன் முடிந்த பிரதிகள் அமிலமற்ற தாள் இடையிட்டு, காற்றுப்புகாத 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில். உள்ளே 250 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. முள் 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் நிம்மதி. 65ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் கோசோவில் பூஞ்சணப் புள்ளி விழத் தொடங்கும், அது போகாது. பெட்டி மூடியிருந்தால் இராமபாணப் பூச்சியும் அண்டாது. சிலிக்கா ஜெல்லின் நீல மணியில் கோபால்ட் உப்பு உண்டு, உடம்புக்கு நல்லதன்று. ஆரஞ்சு மணி வாங்க வேண்டும். நிறம் மாறியதும் ஓவனில் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, முழுவதும் ஆறிய பிறகே பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் அந்த வெப்பமே தாளை வளைக்கும்.

டிஃப் மூலங்கள் மூன்று இடத்தில்: வேலை செய்யும் கணினி, வெளி வட்டு, வேறொரு வீட்டில் இருக்கும் இன்னொரு வட்டு. கோப்புறையின் பெயர் 2501. அச்சுக்கட்டை நியூஸ்பேப்பரில் சுற்றித் தட்டையாக அலமாரியில் கிடக்கிறது, முதுகில் 2501. 2505-இன் செங்காவி நிறம் மட்டும் இன்னும் கயிற்றில் தொங்குகிறது. துணியில் இன்றும் லேசாகச் சிவப்பு ஏறியது. 2505-இன் இணையப் பக்கத்தில் இப்போதைக்குத் தரையின் படமும் மஞ்சள் சோதனை அச்சும் மட்டுமே இருக்கும்.